கில்மோர் ஓட்டலின் தண்ணீர்க் கோபுரம்

சுரேந்திரனுக்குப் பயம் பிடித்தது எண்பத்தெட்டாம் வருஷம், ஆகஸ்ட் மாதம். அப்போது அவருக்குப் பதினான்கு வயது. ரங்கூன் பசுந்தாங்கில் மூன்றாவது மாடி வீட்டின் ஜன்னலோரம் நின்று தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார். கீழே ஊர்வலம் போனவர்களைப் பட்டாளத்தார் சுட்டார்கள். அம்மா அவரைப் பிடித்துக் கட்டிலுக்கு அடியில் தள்ளினாள். பொழுது சாயும்வரை அங்கேயே கிடந்தார். வெளியே வந்தபோது உடம்பில் ஒரு கீறல்கூட இல்லை. ஆனால் அன்று பிடித்தது பிறகு விடவே இல்லை.

மோட்டார் சைக்கிள் புகைக்குழாய் வெடித்தால் நடுத்தெருவிலேயே குந்திவிடுவார். லிஃப்டில் ஏறமாட்டார். பட்டாளம் ஆட்சியைப் பிடித்த இந்த நாலைந்து வருஷமாக, கதவை யாராவது தட்டினால் அவர் சமையல்கட்டுக்குள் போய் நின்றுகொள்வார். மனைவி சத்யபாமாதான் திறக்க வேண்டும். பர்மியத்தில் பயத்துக்கு ‘ச்சௌக்’ என்று பெயர். வேலை செய்யும் இடத்தில் அவருக்கு ‘ஊ ச்சௌக்’ என்றே பட்டம் வைத்துவிட்டார்கள். ‘திருவாளர் பயம்’ என்று வைத்துக்கொள்ளலாம். கூப்பிட்டால் அவரும் கோபப்படாமல் திரும்பிப் பார்ப்பார்.

அவர் வேலை செய்த இடம் கில்மோர் ஓட்டல். ரங்கூனுக்கு வடக்கே மிங்கலாடோனைத் தாண்டி, ஏரிக்கரையில், பெரிய தூங்குமூஞ்சி மரங்களுக்கு நடுவே வெள்ளை வெளேரென்று நிற்கும். கில்மோர் என்ற வெள்ளைக்காரர், அரிசி ஆலை முதலாளி, 1907இல் கட்டியது. ரங்கூன் வெயில் தாங்காத துரைமார்கள் ரயிலேறி வந்து பத்து நாள் ஏரிக்காற்று வாங்கிவிட்டுப் போவார்கள். சண்டைக் காலத்தில் ஜப்பான்காரன் அதை ஆஸ்பத்திரி ஆக்கினான். பிறகு சர்க்கார் எடுத்துக்கொண்டு கொஞ்ச காலம் கூடத்தில் நெல் மூட்டை அடுக்கியது. தொண்ணூறுகளில் ஒரு கம்பெனி குத்தகைக்கு எடுத்து, தேக்குத் தரையை இழைத்து, பித்தளையை விளக்கி, மறுபடியும் ஓட்டலாக்கியது. வெளிநாட்டார் வந்து குவிந்த வருஷங்களும் உண்டு. அவர்கள் வருவது நின்றுபோன பிறகு கல்யாணம்தான் பிழைப்பு. ஊரில் வசதியான எந்த வீட்டுப் பெண்ணாக இருந்தாலும் அந்த மாடிப்படியில் நின்று ஒரு போட்டோ எடுத்துக்கொண்டால்தான் கல்யாணம் ஆனதுபோல்.

சுரேந்திரன் அங்கே குழாய் வேலைக்காரர். இருபத்தாறு வருஷம். பயந்த மனிதருக்குக் காது கூர்மை. சுவருக்குள் எந்த பைப் எந்த இடத்தில் முனகுகிறது, எந்த வால்வு இன்னும் ஒரு மாதம் தாங்கும் என்று காதை வைத்தே சொல்லிவிடுவார். ஓட்டல் முழுவதுக்கும் தண்ணீர் ஒரே இடத்திலிருந்துதான் வரும். பெரிய விருந்துக் கூடத்தை ஒட்டி ஒரு செங்கல் கோபுரம். அதன் உச்சியில் இரும்புத் தகடுகளை ஆணியடித்துச் சேர்த்த பழைய டேங்க். ஆறாயிரம் கேலன் தண்ணீர் பிடிக்கும்.

போன மார்ச் மாதம் இருபத்தெட்டாம் தேதி, வெள்ளிக்கிழமை மத்தியானம் அவர் கோபுரத்தின் அடியில் சாப்பாட்டு டப்பாவைத் திறந்துகொண்டிருந்தார். முதலில் தலைதான் சுற்றுகிறது என்று நினைத்தார். பிறகு டப்பா தானாக நகர்ந்தது. தலைக்கு மேலே டேங்க் தண்ணீர் ஒரு பக்கச் சுவரில் மோதி, திரும்பி வந்து மறு பக்கச் சுவரில் மோதியது. ‘தொம்’ என்று ஒரு சத்தம். கொஞ்சம் பொறுத்து இன்னொரு ‘தொம்’. அந்தச் சத்தத்தைக் கேட்டதும் சுரேந்திரன் ஓடினார். விருந்துக் கூடத்தில் நாற்காலி துடைத்துக்கொண்டிருந்த பெண்களைத் தாண்டி, ஒரு வார்த்தை சொல்லாமல், புல்வெளியின் கோடிக்கு ஓடிப்போய் ஒரு மரத்தைக் கட்டிக்கொண்டார். ஆட்டம் நின்ற பிறகு அந்தப் பெண்கள் சிரித்துக்கொண்டே வெளியே வந்தார்கள்.

“ஊ ச்சௌக், மரத்தை விடுங்க. அதுக்கு மூச்சு முட்டுது.”

அவரும் சிரித்து வைத்தார். சாயங்காலத்துக்குள் மாண்டலேயிலிருந்தும் சகாயிங்கிலிருந்தும் சாவுச் செய்தி வர ஆரம்பித்தது. அதற்குப் பிறகு யாரும் சிரிக்கவில்லை.

மறுநாள் காலை அவர் கோபுரச் சுவரைப் பார்த்தார். கூடத்தின் பக்கம், ஆள் உயரத்தில் தொடங்கி மேலே போகும் ஒரு விரிசல். கை விரல் நுழையாது, ஆனால் ஒரு தீக்குச்சி நுழையும். மைதா மாவைக் காய்ச்சிப் பசை செய்து, செய்தித்தாளை நீளமாகக் கிழித்து, விரிசலின் குறுக்கே மூன்று இடத்தில் ஒட்டித் தேதி போட்டு வைத்தார்; விரிசல் விரிந்தால் தாள் கிழியும். இரண்டு நாளில் மேலே இருந்த தாள் கிழிந்தது. நாலாம் நாள் நடுத் தாளும் கிழிந்தது. யாரும் சொல்லாமலே அவர் மோட்டாரைப் பாதி நேரத்தில் நிறுத்தத் தொடங்கினார். டேங்கில் தண்ணீர் பாதிக்கு மேல் ஏறவில்லை.

மேனேஜர் ஊ மியோ தாண்ட் ரொம்பக் கெட்டவர் என்று சொல்ல முடியாது. முதலாளிக்குப் பயந்தவர். கிழிந்த தாளைக் காட்டியதும் உதட்டைப் பிதுக்கினார்.

“மாவுப் பசை காய்ஞ்சா தாள் கிழியாதா?”

“கீழே இருக்கிற தாள் கிழியலையே, ஸயா,” என்றார் சுரேந்திரன் மரியாதையாக.

“திங்ஜான் பண்டிகை முடியட்டும். இஞ்சினியரைக் கூப்பிடலாம்.”

“ஒன்பதாம் தேதி கல்யாணம் இருக்கே. அறுநூறு பேர். கூடத்துலதான் சாப்பாடு.”

ஊ மியோ தாண்ட் எழுந்துபோய் அறைக் கதவைச் சாத்திவிட்டு வந்தார். குரலைத் தாழ்த்தினார். “கேளுங்க. நிலநடுக்கத்தைப் பத்தி வதந்தி கிளப்பினான்னு சர்க்கார்ல யாரையெல்லாம் தேடறாங்க தெரியுமில்ல? கில்மோர் இடியப் போகுதுன்னு ஒரு பேச்சு வெளியே போச்சுன்னா, யார் சொன்னதுன்னு என்னைக் கேப்பாங்க. நான் உங்க பேரைத்தான் சொல்ல வேண்டியிருக்கும்.”

சுரேந்திரன் தலையை ஆட்டிவிட்டு வந்துவிட்டார். அன்று மத்தியானமே ஒரு கொத்தனார் வந்து விரிசலைச் சுண்ணாம்பால் மூடி வெள்ளையடித்தார். அந்தச் சுவருக்கு எதிரே கல்யாணப் பூ வளைவு வைக்க இடமும் குறித்தார்கள்.

ஓட்டலில் அவர் மனம் விட்டுப் பேசக்கூடியவர் ஒருவர்தான் உண்டு. ரோஸ்லின் அக்கா. கான்வென்டில் படித்தவர், ஐம்பத்தெட்டு வயது. ஓட்டலின் வரலாற்றை விருந்தாளிகளுக்குச் சொல்லிக்கொண்டே சுற்றிக்காட்டுவது அவர் உத்தியோகம். சனிக்கிழமை தோறும், மடிப்புக் கலையாத பாவாடையும் மூக்குக் கண்ணாடியுமாக, ஆள் வந்தாலும் வராவிட்டாலும் நாலு மணிக்குப் படிக்கட்டின் கீழே வந்து நிற்பார்.

விஷயத்தைச் சொன்னபோது ரோஸ்லின் தம் அலமாரியைத் திறந்து ஒரு ஃபைலை எடுத்தார். உள்ளே பழுப்பேறிய ஒரு பத்திரிகைத் துண்டு.

“ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதாம் வருஷம், மே மாசம், பெகூவுல பெரிய நிலநடுக்கம். ரங்கூன்லயும் ஆட்டிடுச்சு. சுத்திக் காட்டும்போது அதைப் பத்தி நான் என்ன சொல்லுவேன், தெரியும்ல?”

தெரியும். பைப் பழுது பார்த்துக்கொண்டே நூறு தடவை கேட்டிருக்கிறார். ‘அந்தப் பயங்கர நிலநடுக்கத்திலும் கில்மோரின் விருந்தினர் ஒருவருக்கும் ஒரு காயமும் இல்லை.’

“அது பொய் இல்லை, தம்பி. விருந்தாளி யாருக்கும் அடிபடலை. இதைப் படி.”

சுரேந்திரனுக்கு ஆங்கிலம் எழுத்துக்கூட்டித்தான் வரும். ரோஸ்லினே விரல் வைத்துப் படித்துச் சொன்னார். தண்ணீர்க் கோபுரம் சரிந்து, டேங்க் கூடத்தின் கூரையைப் பிளந்துகொண்டு விழுந்தது. ராத்திரி விருந்துக்கு இன்னும் யாரும் உட்காரவில்லை. மேஜை போட்டுக்கொண்டிருந்த ஆட்களும் தண்ணீர் சுமக்கிறவர்களும் அடியில் மாட்டிக்கொண்டார்கள். செத்தது ஒன்பது பேர். எல்லோரும் மதராஸ் கூலிகள். பெயர் எதுவும் இல்லை.

“மறு வருஷமே அதே அஸ்திவாரத்துல திரும்பக் கட்டிட்டாங்க,” என்றார் ரோஸ்லின். “பதினெட்டு வருஷமா இந்தப் பேப்பர் என்கிட்ட இருக்கு. கல்யாண ஓட்டல்ல சாவுக்கதை எதுக்குன்னு சொன்னாங்க. நானும் சரின்னுட்டேன்.”

அன்று பஸ்ஸில் வீட்டுக்கு வரும் வழியெல்லாம் சுரேந்திரன் அந்த ஒன்பது பேரை எண்ணிக்கொண்டே வந்தார். முகம் தெரியாதவர்களை எப்படி எண்ணுவது? கடைசியில் அவர்களுக்கு நாற்காலி துடைக்கிற பெண்களின் முகங்களே வந்து நின்றன.

சத்யபாமா பசுந்தாங் மார்க்கெட்டில் தோசைக்கடை போட்டிருந்தாள். எதிலும் சட்டென்று முடிவெடுக்கிறவள். கதையைக் கேட்டுவிட்டு அடுப்பை அணைத்தாள்.

“நாளையிலேருந்து போக வேணாம். காய்ச்சல்னு சொல்லிடுங்க. கல்யாணம் முடிஞ்சு போனாப் போதும்.”

“நான் போகலேன்னா வேற யாராவது மோட்டாரைப் போட்டு டேங்கை நிறைச்சுடுவாங்க.”

“நிறைக்கட்டும். நம்ம தலையில விழலேல்ல?”

சொல்லிவிட்டு அவளே முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பிறகு, “பிடிச்சுட்டுப் போனாங்கன்னா நான் எங்கேன்னு போய்த் தேடுவேன்?” என்றாள்.

இரண்டு நாள் காய்ச்சல் என்று படுத்துக்கொண்டார். உண்மையிலேயே உடம்பு அனலாகத்தான் இருந்தது. மூன்றாம் நாள், ஏப்ரல் எட்டாம் தேதி காலை, மேனேஜரிடமிருந்து போன் வந்தது.

“நாளைக்குக் கல்யாணம். டேங்க்ல பாதித் தண்ணிதான் இருக்கு. அந்த மோட்டார் உங்க கைக்குத்தான் மசியும். வந்து முழுசா நிறைச்சுட்டுப் போய்ப் படுங்க.”

ஓட்டலுக்குப் போனபோது கூடத்தில் பூக்காரர்கள் ஏணி போட்டு ஏறியிருந்தார்கள். வெள்ளைத் துணி போர்த்திய நாற்காலிகள் வரிசை வரிசையாக. பூ வளைவுக்குப் பின்னால் போய்ப் பார்த்தார். புதுச் சுண்ணாம்பு மேலிருந்து கீழ்வரை பிளந்து கிடந்தது. இப்போது விரல் நுழைந்தது. காதைச் சுவரில் வைத்தார். உள்ளே மணல் கொட்டுவதுபோல ஒரு சன்னமான சரசரப்பு. நிற்காமல் கேட்டுக்கொண்டே இருந்தது.

மோட்டார் அறைக்குப் போய் ஸ்விட்சில் கை வைத்தார். மேலே இப்போதே பதிமூன்று பதினாலு டன் இருக்கிறது. இந்தக் கை அழுத்தினால் இருபத்தேழு ஆகும். நாளைக்கு அதன் அடியில் அறுநூறு பேர். கையை எடுத்துவிட்டார். வீட்டுக்குத் திரும்பிப் போய்விடலாமா என்று யோசித்தார். வாசல்வரை நடந்தும் போனார். அங்கே நின்று சத்தமில்லாமல் அழுதார். பிறகு பெரிய ஸ்பானரை எடுத்துக்கொண்டு கோபுரத்துக்குள் நுழைந்தார்.

டேங்கைக் காலி செய்யும் வால்வு உச்சியில், டேங்குக்கு நேர் அடியில் இருக்கிறது. அறுபத்துநாலு இரும்புப் படி. சுவரை ஒட்டிச் சுற்றிச் சுற்றிப் போகும். ஒவ்வொரு படியிலும் செங்கல் தூள். முப்பதாவது படியில் உட்கார்ந்துவிட்டார். கண்ணை மூடினால் தண்ணீர் மோதின சத்தம். திறந்தால் சுவரில் கோடாக வெளிச்சம் தெரிகிற பிளவு. முருகா முருகா என்று வாய் தானாகச் சொல்லிக்கொண்டிருந்தது. எழுந்து நிற்கத் தைரியம் வரவில்லை. அதனால் நான்கு காலில் தவழ்ந்து ஏறினார்.

வால்வு துருப்பிடித்திருந்தது. ஸ்பானரைப் போட்டு முழு உடம்பாலும் தொங்கினார். முதல் தடவை அசையவில்லை. இரண்டாம் தடவை ‘கிரீச்’ என்று திரும்பியது. சுவருக்கு வெளியே, வடிகால் பைப்பின் வாயிலிருந்து தண்ணீர் புல்வெளிமேல் கொட்டும் சத்தம் கேட்டது. ஸ்பானரிலிருந்து கையை எடுத்தார். வால்வு தானாகவே மூடிக்கொள்ளத் திரும்பியது. உள்ளே எதுவோ தேய்ந்து போயிருக்கிறது. பிடித்துக்கொண்டே நின்றால்தான் தண்ணீர் போகும்.

ஆக, அவர் நின்றார். தலைக்கு ஒரு முழம் மேலே அத்தனை தண்ணீர், காலுக்குக் கீழே ஓட்டைச் சுவர்.

கொஞ்ச நேரத்தில் கீழே குரல் கேட்டது. “சுரேன்! தம்பி! மேலே நீயா?”

ரோஸ்லின். புல்வெளியில் தண்ணீர் ஓடுவதைப் பார்த்துவிட்டு வந்திருந்தார்.

“அக்கா, உள்ளே வராதீங்க! கூடத்துல இருக்கிறவங்களை வெளியே கூட்டிட்டுப் போங்க!”

“என்னன்னு சொல்ல?”

“என்ன வேணாலும் சொல்லுங்க!”

ரோஸ்லின் என்ன சொன்னார் என்பது பிறகுதான் அவருக்குத் தெரிந்தது. பதினெட்டு வருஷமாகச் சொல்லாததை, கணீரென்ற அந்தச் சுற்றிக்காட்டும் குரலிலேயே, நடுக்கூடத்தில் நின்று பர்மியத்தில் சொன்னாராம். இந்த இடத்தில், இந்தக் கூரைக்குக் கீழே, ஒன்பது பேர் செத்தார்கள். அந்தச் சுவர் மறுபடி பிளந்திருக்கிறது. பூக்காரர்கள் ஏணியைக்கூட எடுக்காமல் வெளியே போய்விட்டார்கள்.

அவர்கள் போய்ப் பத்து நிமிஷம் இருக்கும். நில அதிர்வா, எடை மாறியதா, தெரியவில்லை. கோபுரம் ஒரு தடவை சிலிர்த்தது. எதிர்ச் சுவரிலிருந்து கூடை அளவு செங்கல் பிய்ந்து, இரும்புப் படிகளில் இடித்துக்கொண்டே கீழே போனது. சுரேந்திரன் அலறினார். லுங்கி நனைந்தது. அதைப் பற்றிப் பிறகு அவரே வெட்கமில்லாமல் சொல்லியிருக்கிறார். ஆனால் ஸ்பானரை விடவில்லை. விடத் தைரியம் வரவில்லை என்பதும் அவர் சொன்னதுதான். விரல்கள் மரத்துப்போய் இரும்போடு ஒட்டிக்கொண்டிருந்தன. முக்கால் மணி நேரம் கழித்து டேங்க் வெறும் தகரம்போல் ‘டங்’ என்று சத்தம் கொடுத்தபோதுதான் கை தளர்ந்தது.

இறங்கி வந்தபோது வாசலில் ஊ மியோ தாண்ட் நின்றிருந்தார். அவர் பக்கத்தில் கல்யாணப் பெண்ணின் தகப்பனார் ஊ பா சோ. அலங்காரம் பார்க்க வந்தவர். ஊரில் பெரிய மரவாடி வைத்திருப்பவர்.

“என்ன காரியம் பண்ணினீங்க!” என்று மேனேஜர் கத்தினார். “அறுநூறு பேருக்குத் தண்ணிக்கு எங்கே போவேன்? யார் கேட்டு வால்வைத் திறந்தீங்க?”

சுரேந்திரன் ஊ பா சோவின் சட்டைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு பூ வளைவுக்குப் பின்னால் போனார். பெரிய மனிதரைத் தொட்டு இழுத்தோம் என்பதே அப்போது அவருக்கு உறைக்கவில்லை. ஊ பா சோ பிளவைப் பார்த்தார். அதில் கையை வைத்தார். மணிக்கட்டுவரை உள்ளே போனது. கையை எடுத்துத் தூசியைத் தட்டிவிட்டு, மேலே அண்ணாந்து ரொம்ப நேரம் பார்த்தார்.

“இது எத்தனை நாளா இருக்கு?” என்று மேனேஜரைக் கேட்டார்.

மேனேஜர் கீழே உதிர்ந்திருந்த சுண்ணாம்பைக் காலால் ஒதுக்கினார்.

ஊ பா சோ அங்கேயே போனை எடுத்து வீட்டுக்குப் பேசினார். கல்யாணச் சாப்பாடு மறுநாள் அவர்கள் வீட்டுப் பக்கத்து விகாரை மண்டபத்தில் நடந்தது. மாடிப்படிப் போட்டோ இல்லாத கல்யாணம். அன்று போகும்போது ஊ பா சோ சுரேந்திரனின் தோளில் கையை வைத்து ஒரு அழுத்து அழுத்திவிட்டுப் போனார்.

அன்று சாயங்காலமே சுரேந்திரனை வேலையிலிருந்து நீக்கினார்கள். ரோஸ்லினையும் நீக்கியிருப்பார்கள், இங்கிலீஷில் கடிதம் எழுத வேறு ஆள் இல்லாததால் கண்டிப்பதோடு விட்டார்கள். அதன் பிறகு ஒரு மாதம் சுரேந்திரன் பட்டபாட்டைச் சொல்லி மாளாது. வதந்தி கிளப்பியவன் என்று யாராவது எழுதிக் கொடுத்திருப்பார்களோ என்று ஒவ்வொரு காலடிச் சத்தத்துக்கும் திடுக்கிட்டார். மாடிப்படியில் பூட்ஸ் சத்தம் கேட்டால் சத்யபாமா அவர் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். ஒருநாள் பூட்ஸ் அவர்கள் கதவைத் தாண்டி மேல் மாடிக்குப் போனது. யாரைத் தேடி என்று இரண்டு பேரும் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்ளவில்லை. ஆனால் யாரும் அவரைத் தேடி வரவில்லை. தங்கள் சுவரைப் பற்றி எந்தப் பேச்சும் எழாமலிருப்பதுதான் ஓட்டல்காரர்களுக்கும் வேண்டியிருந்தது.

மே மாதம் முதல் மழைக்குப் பிறகு இஞ்சினியர்கள் வந்தார்கள். டேங்கை அறுத்துத் துண்டு துண்டாக இறக்கினார்கள். இரண்டாம் நாள் ஆட்கள் டீ குடிக்க ஏரிக்கரைக்குப் போயிருந்த சமயம், கூடத்துப் பக்கச் சுவர் மழையில் ஊறி, தானாகவே உட்கார்ந்துவிட்டது. கூரையில் பாதி போனது. உள்ளே யாருமில்லை. ரோஸ்லின் போனில் சொன்னபோது சுரேந்திரன் சந்தோஷப்படவில்லை. எழுந்து போய் வீட்டுச் சுவர்களை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தார்.

இப்போது அவர் பசுந்தாங் அடுக்கு வீடுகளில் மோட்டார் பழுது பார்க்கிறார். கரண்ட் வந்து வந்து போவதில் மோட்டார் எரியாத வீடில்லை, வேலைக்குக் குறைவில்லை. ‘ஊ ச்சௌக்’ என்ற பட்டம் இங்கே யாருக்கும் தெரியாது. எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் முதலில் கூரையைப் பார்ப்பார், பிறகுதான் செருப்பைக் கழற்றுவார்.

ஜூலையில் ஒரு சனிக்கிழமை, மழை கொஞ்சம் விட்டிருந்தபோது, சத்யபாமாவிடம் சொல்லாமல் பஸ் ஏறிக் கில்மோருக்குப் போனார். படிக்கட்டின் கீழே ரோஸ்லினைச் சுற்றி ஆறேழு பேர் நின்றார்கள். ஏதோ கல்லூரி மாணவிகள். அவர் வாசல் கதவை ஒட்டி, வெளியே ஓடத் தோதாக நின்றுகொண்டார். ரோஸ்லின் கில்மோர் துரையைப் பற்றிச் சொன்னார், ஜப்பான்காரனைப் பற்றிச் சொன்னார். பிறகு பலகை அடித்து மூடியிருந்த கூடத்தைக் காட்டி, அந்த ஒன்பது பேரைப் பற்றிச் சொன்னார். மேனேஜர் தம் மேஜையிலிருந்து நிமிர்ந்து பார்த்துவிட்டு, மறுபடி கணக்கு நோட்டில் குனிந்துகொண்டார்.

“அவங்க பேரெல்லாம் என்ன, ஸயாமா?” என்று ஒரு பெண் கேட்டாள்.

“தெரியலை,” என்றார் ரோஸ்லின். “தேடிக்கிட்டு இருக்கேன்.”

அந்தப் பெண் தன் நோட்டில் எதையோ எழுதிக்கொண்டாள். சுரேந்திரன் ரோஸ்லின் அக்காவுக்கு லேசாகத் தலையசைத்துவிட்டு, மழை மறுபடி பிடிப்பதற்குள் பஸ் நிறுத்தத்தை நோக்கி நடந்தார்.